எ, ஆன், தி, ஒரு கோடு: ஆர்ட்டிகிள் பயிற்சிச் செயலி ஒன்றுடன் 40 நாள்கள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், ஒரு பக்கத்தில் எத்தனை பெயர்ச்சொற்கள் வருகின்றனவோ அத்தனை முறை நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் 'கடிதம் வந்தது' என்று இருக்கும். அதை 'எ லெட்டர் கேம்' என்பதா, 'தி லெட்டர் கேம்' என்பதா என்று தமிழ் வாக்கியம் தன் வாயால் சொல்லாது. முந்தைய பத்திகளைப் புரட்டி, எதிர்பார்த்திருந்த கடிதமா, எதிர்பாராமல் வந்த கடிதமா என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். வினைச்சொல்லிலும் காலத்திலும் பல ஆண்டுகளாகத் தவறு செய்யாதவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். என் மொழிபெயர்ப்பைச் செப்பனிடும் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பும் பக்கங்களில், சிவப்பு மையின் பெரும்பங்கு இந்தச் சின்னஞ்சிறு சொற்களுக்கே செலவாகிறது. ஆகவே, எ, ஆன், தி என்ற ஆர்ட்டிகிள்களை மட்டுமே கற்பிக்கும் என்றும் விளக்கங்கள் தமிழிலேயே இருக்கும் என்றும் விளம்பரம் செய்திருந்த கைப்பேசிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, 40 நாள்கள் விடாமல் பயன்படுத்தினேன். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. இதே வார்ப்பில் வேறு செயலிகளும் இருப்பதால், பெயரைவிட அது கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

திரையின் அமைப்பு எளிது. ஓர் ஆங்கில வாக்கியம், அதில் கோடிட்ட இடம், கீழே நான்கு பொத்தான்கள்: எ, ஆன், தி, கடைசியில் வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு 'இங்கே எதுவும் வேண்டாம்' என்று பொருள். அதை மற்ற மூன்றையும்விடச் சிறிதாகவும் சாம்பல் நிறத்திலும் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் அதைப் பொத்தான் என்றே அறியாமல், திரையை அலங்கரிக்கும் கோடு என்று எண்ணிக்கொண்டு, சரியான விடையே இல்லாத வினாக்களைக் கேட்கிறார்களே என்று எரிச்சல் அடைந்தேன். நிறத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் குறை இது. ஆனால் அப்படி ஒரு பொத்தானை முதல் பாடத்திலேயே வைத்தது நல்ல முடிவு. பள்ளிக்கூடத்தில் ஆர்ட்டிகிள் மூன்று என்று எண்ணிக் காட்டினார்களே தவிர, ஒன்றும் போடாமல் விடுவதும் ஒரு தேர்வு, அதற்கும் தனிப்பொருள் உண்டு என்று சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வெற்றிடத்தின் கனத்தைக் காட்டப் பெரிய சான்றுகளே இருக்கின்றன. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்ன வாக்கியத்தில், 'மேன்' என்ற சொல்லுக்கு முன் 'எ' இருந்ததா என்பது ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்பதில்லை. தாம் அதைச் சொல்லவே எண்ணியதாக அவர் பின்னாளில் கூறினார். 'எ மேன்' என்றால் தனி மனிதன் ஒருவன்; வெறும் 'மேன்' என்றால் மனித குலம். 'எ' இல்லையென்றால், மனித குலத்துக்கு இது சிறிய அடி, மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்று வாக்கியம் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவை 1967 நவம்பர் 22 அன்று நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டிய 'டெரிட்டரிஸ்' என்ற சொல்லுக்கு முன், அதன் ஆங்கில வடிவத்தில் 'தி' இல்லை. 1967 ஜூன் போரில் கைப்பற்றப்பட்ட எல்லாப் பகுதிகளிலிருந்துமா, பகுதிகள் சிலவற்றிலிருந்து மட்டுமா என்ற வாதம் அதனால் பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. பிரெஞ்சு வடிவத்தை 'தி' இருப்பதாகவே படிக்க இடமிருப்பதால் சிக்கல் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. செயலியில் இப்படிப்பட்ட எதுவும் இல்லை. கோட்டுப் பொத்தானை வைத்தவர்கள் அதன் வலிமையைக் காட்டவும் இரண்டு திரைகளை ஒதுக்கியிருக்கலாம்.

'எ', 'ஆன்' வேறுபாட்டைப் பற்றிய பகுதிதான் இந்தச் செயலியின் சிறந்த பகுதி. அதுவும் உருவாக்கியவர்கள் திட்டமிடாத ஒரு காரணத்தால் சிறந்து நிற்கிறது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் கீழும் அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறார்கள். ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளுக்கு முன் 'ஆன்' வரும் என்று மனப்பாடம் செய்தவர், 'யூனிஃபார்ம்' என்ற சொல்லைக் கண்டவுடன் 'ஆன்' போட்டுவிடுவார், 'எஃப்.ஐ.ஆர்.' என்பதைக் கண்டால் 'எ' போட்டுவிடுவார். இரண்டும் பிழை. ஏனென்றால் விதி எழுத்தைப் பற்றியது அன்று, ஒலியைப் பற்றியது. ஆனால் அதே சொற்களைத் தமிழ் எழுத்தில் பார்க்கும்போது விடை கண்ணுக்கு நேராகவே நிற்கிறது: 'யூனிஃபார்ம்' யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'எ', 'எஃப்.ஐ.ஆர்.' உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன்'. எம்.எல்.ஏ., எக்ஸ்-ரே, எஸ்.எம்.எஸ். ஆகியவற்றுக்கு 'ஆன்', யூனியன், யூரோப்பியன் ஆகியவற்றுக்கு 'எ', 'யூனியன்' தொடங்கும் அதே ஆங்கில எழுத்தில் தொடங்கும் 'அம்பர்லா'வுக்கு மறுபடியும் 'ஆன்'. உயிர், மெய் என்று எழுத்தைப் பிரித்தறியச் சிறுவயதிலேயே பழகியவர்களுக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. பேச்சில் நாம் 'யெம்.எல்.ஏ.' என்று இழுப்போம் என்பது உண்மைதான். எழுதும்போது அந்த யகரம் மறைந்துவிடுவதால் தப்பித்துக்கொள்கிறோம்.

இந்தக் கருவி காலை வாரும் இடங்களும் உண்டு. முதலாவது 'ஹவர்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதே இல்லை. 'அவர்' என்றுதான் தொடங்கும், ஆகவே 'ஆன்' வர வேண்டும். செயலி சரியான விடையாக 'ஆன்' என்றே வைத்திருக்கிறது. ஆனால் கீழே ஒலிப்பைத் தரும் இடத்தில் 'ஹவர்' என்று அச்சிட்டிருக்கிறது. 'ஹானஸ்ட்' என்ற சொல்லிலும் இதே கதை. விடை ஒன்று, ஒலிப்பு வேறொன்று. படிப்பவர் எதை நம்புவார்? இரண்டாவது, 'ஒருவழித் தெரு' என்ற பொருளில் வரும் 'ஒன்-வே ஸ்ட்ரீட்'. தமிழில் ஒகரம் இட்டு எழுதினாலும், ஆங்கில ஒலி வகரத்தில்தான் தொடங்குகிறது, ஆகவே 'எ'. செயலி இதற்கு 'விதிவிலக்கு' என்று முத்திரை குத்துகிறது. இது விதிவிலக்கே அன்று, விதி அப்படியே நடைபெறும் இடம். விதிவிலக்கு என்று சொல்லிவிட்டால் படிப்பவர் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் ஒன்று நீள்கிறது. ஒலியைக் கேள் என்று சொல்லிவிட்டால் பட்டியலே தேவையில்லை.

இதே பகுதியில் 'ஒரு மரம், ஓர் ஆறு' என்ற தமிழ் வழக்கை ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். நல்ல ஒப்பீடு, நம்மில் பலர் 'ஒரு ஆறு' என்றே எழுதிக்கொண்டிருந்தாலும்கூட. ஆனால் 'எ' என்பதோடு ஒலிக்காக ஒரு மெய் சேர்ந்து 'ஆன்' பிறந்தது என்று அடுத்த திரையில் சொல்வது தலைகீழான செய்தி. ஒன்று என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்தான் மூலம். அதன் இறுதியில் இருந்த மெய், மெய்யொலிக்கு முன் தேய்ந்து 'எ' ஆயிற்று, உயிரொலிக்கு முன் நிலைத்தது. அந்த மெய் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்ற குழப்பத்தில் சில சொற்களின் உருவமே மாறிப்போனது. 'நேப்ரன்' என்று இருந்த மேலங்கியின் பெயர், 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டதால் 'ஏப்ரன்' ஆகிவிட்டது. பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' என்ற சொல்லும் இப்படித்தான் தன் நகரத்தை இழந்தது. 'நிக்நேம்' என்ற சொல் இதற்கு எதிராக, முன்னே நின்ற 'ஆன்' என்பதிலிருந்து ஒரு நகரத்தைக் கவர்ந்துகொண்டது. இந்த ஒரு செய்தியைச் சொன்னால் 'எ', 'ஆன்' இரண்டும் ஒரே சொல் என்பது யாருக்கும் மறக்காது.

'தி' பகுதிக்கு வந்ததும் செயலி திணறத் தொடங்குகிறது. 'முதல் முறை சொல்லும்போது எ, மறுமுறை சொல்லும்போது தி' என்பதை முதல் விதியாக வைத்து, ஏறத்தாழ எல்லா வினாக்களையும் அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். ஒரு நாயைப் பார்த்தேன், அந்த நாய் தூங்கிக்கொண்டிருந்தது என்ற வகையைச் சேர்ந்த வாக்கியங்களுக்கு அது போதும். ஆனால், 'ஐ பாட் எ பைசைக்கிள். தி டயர்ஸ் ஆர் ஓல்ட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டயரைப் பற்றி இதற்கு முன் ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை; இருந்தும் 'தி' வருகிறது. சைக்கிள் என்றவுடன் அதற்கு டயர்கள் உண்டு என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த டயர்கள் என்று அவர் கேட்க மாட்டார். 'நேற்றுத் தொலைபேசியில் அழைத்தவர்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும், முதல் முறையே 'தி மேன் ஹூ கால்டு யெஸ்டர்டே' என்று தொடங்கலாம், ஏனென்றால் பின்னால் வரும் சொற்களே அவரை அடையாளம் காட்டிவிடுகின்றன. எத்தனையாவது முறை சொல்கிறோம் என்பது இங்கே அளவுகோல் அன்று. நாம் எதைச் சொல்கிறோம் என்று கேட்பவரால் கண்டுகொள்ள முடியுமா என்பதே அளவுகோல். அதாவது 'தி' என்பது அதன் பின்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைவிடக் கேட்பவர் மனத்தையே சார்ந்திருக்கிறது. கோடிட்ட இடத்துடன் தனியாக நிற்கும் ஒற்றை வாக்கியத்தில் கேட்பவர் யார் என்பதே தெரியாது.

இந்தக் குறை என்னை நேரடியாகக் கடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். 'டீச்சர் கேம் இன்டு தி ரூம்' என்ற வாக்கியத்தின் தொடக்கத்தில் கோடிட்ட இடம். முன்பின் வாக்கியம் கிடையாது. நான் 'எ' என்று அழுத்தினேன். சிவப்புப் பெருக்கல் குறி தோன்றியது. சரியான விடை 'தி', காரணம் 'ஏற்கெனவே குறிப்பிடப்பட்டது' என்றது. எங்கே குறிப்பிடப்பட்டது? தங்கள் வகுப்பு ஆசிரியருக்காக மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் 'தி' சரி. அறிமுகமில்லாத ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்தார் என்றால் 'எ' சரி. இரண்டும் முழுமையான ஆங்கிலம், வெவ்வேறு காட்சிகள். உதவிப் பிரிவுக்கு இதை விளக்கி எழுதினேன். மூன்று நாள்கள் கழித்து, 'விதி 1ஐ மீண்டும் ஒருமுறை படிக்கவும்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடியும் எழுதியதற்கு அந்த ஒரு வரியும் வரவில்லை.

தமிழில் 'தி' போன்ற கருத்தே இல்லை, அதனால்தான் நமக்கு அது கடினம் என்று இந்தப் பகுதியின் முன்னுரை சொல்கிறது. சொல் இல்லை என்பது சரி, கருத்து இல்லை என்பது சரியன்று. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் குழந்தைகூட உணரும். முதல் வாக்கியத்தைக் கேட்பவர் 'என்ன புத்தகம்?' என்று கேட்பார். இரண்டாவதைக் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்பது முன்பே தெரிந்திருக்கும். அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நின்றால், பெரும்பாலும் அங்கே ஆங்கிலத்தில் 'தி' வைக்கலாமா என்று நான் முதலில் பார்ப்பேன். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 'ஒரு புத்தகத்தை' என்றும் சொல்கிறோம். உயர்திணையில் உருபு எப்படியும் வந்துவிடும். எழுவாயில் உருபே கிடையாது. ஆயினும், விளக்கங்களைத் தமிழில் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் செயலி, ஆங்கில இலக்கண விளக்கத்தைத் தமிழ்ச் சொற்களில் இறக்கிவைப்பதோடு நின்றுவிட்டது. தமிழ் பேசுபவரின் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் இந்த வேறுபாட்டைத் தட்டி எழுப்ப அதற்குத் தோன்றவில்லை.

ஒரே ஓர் இடத்தில் அதைச் செய்திருக்கிறார்கள், அதுவும் அழகாக. 'எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்', 'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்ற இரண்டையும் அடுத்தடுத்த திரைகளில் காட்டி, முதலாவதற்குச் 'சில நண்பர்கள் உண்டு' என்றும், இரண்டாவதற்குச் 'சில நண்பர்களே உண்டு' என்றும் பொருள் தருகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் 'எ' போடுவதா விடுவதா என்பதில் இருக்கும் வேறுபாட்டைத் தமிழில் ஓர் ஏகாரம் தாங்கி நிற்கிறது. பல ஆண்டுகளாக நான் சுற்றி வளைத்து விளக்கிவந்ததை இரண்டு திரைகளில் முடித்துவிட்டார்கள். 'எ லிட்டில்', 'லிட்டில்' என்ற இரண்டுக்கும் இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு உட்படாத பெயர்களைப் பற்றிய பாடமும் குறையில்லாதது. 'ஓர் அறிவுரை சொன்னார்', 'ஒரு தகவல் வந்தது' என்று தமிழில் இயல்பாக எண்ணுவதால் 'ஆன் அட்வைஸ்', 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்று எழுதிவிடுகிறோம்; ஆங்கிலத்தில் அவற்றை எண்ண முடியாது, 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதையும் காட்டுகிறார்கள்: 'அயர்ன்' என்றால் இரும்பு, 'ஆன் அயர்ன்' என்றால் இஸ்திரிப்பெட்டி, 'பேப்பர்' என்றால் காகிதம் என்ற பொருள், 'எ பேப்பர்' என்றால் செய்தித்தாளோ ஆய்வுக் கட்டுரையோ.

இடப்பெயர்ப் பட்டியல் மனப்பாடத்துக்கு உரியது. இமயமலைத் தொடருக்கு 'தி' உண்டு, எவரெஸ்ட் சிகரத்துக்குக் கிடையாது. நெதர்லாந்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் உண்டு, பெரும்பாலான நாடுகளுக்குக் கிடையாது. பட்டியலைப் புதுப்பிக்கத்தான் ஆள் இல்லை போலும்: 1991இல் விடுதலை பெற்றதற்குப் பிறகு வழக்கொழிந்துவந்த 'தி உக்ரைன்' என்ற வடிவத்தை இன்னமும் சரியான விடையாக வைத்திருக்கிறார்கள். நோயாளியாகச் சேர்ந்திருப்பவரைப் பிரித்தானியர் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். செயலி இரண்டாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு, முதலாவதற்குச் சிவப்புக் குறி இடுகிறது; இரண்டு வழக்குகள் இருக்கின்றன என்ற குறிப்புகூட இல்லை.

சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும் வசதி, நாமே எழுதிய பத்தியை ஒட்டித் திருத்தம் பெறுவது. அதற்காகத்தான் நான் பணம் கட்டினேன். அலுவலகக் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அது ஓரளவு உழைக்கிறது. 'பெஸ்ட்', 'ஃபர்ஸ்ட்' போன்ற சொற்களுக்கு முன் நான் விட்டுவிட்ட 'தி'யை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொடுத்தது. ஆனால் 'மிகவும் சுவையான கதை' என்ற பொருளில் நான் எழுதியிருந்த 'எ மோஸ்ட் இன்ட்ரஸ்டிங் ஸ்டோரி'யை, கேட்காமலே 'தி மோஸ்ட்' என்று மாற்றி, அந்தக் கதையை உலகத்துக் கதைகள் அனைத்திலும் சிறந்ததாக ஆக்கிவிட்டது. புனைவில் நிலைமை இன்னும் மோசம். 'கிழவி சன்னலருகே உட்கார்ந்திருந்தாள்' என்று தொடங்கும் சிறுகதை ஒன்றை 'தி ஓல்ட் உமன்' என்று தொடங்கியிருந்தேன். வாசகருக்கு அவளை இன்னும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவள்போல அவளை முன்னால் நிறுத்தி, வாசகரை அந்த அறைக்குள் நேராக இழுத்துவிடுவதற்காகவே 'தி' வைத்தேன். மூலத்திலும் 'ஒரு கிழவி' என்று இல்லை. செயலி அதை 'ஆன் ஓல்ட் உமன்' என்று மாற்றச் சொன்னது. மாற்றினால் வாசகர் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார். நான் மறுத்த பிறகும், ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் அந்தச் சொல்லின் அடியில் மஞ்சள் கோடு வந்து நிற்கிறது. 'இந்தத் திருத்தம் வேண்டாம்' என்று ஒரே அடியாகச் சொல்லிவிட வழியே இல்லை.

போட்டித் தேர்வுக்காகக் கோடிட்ட இடங்களை நிரப்பப் பழகுபவர்களுக்கும், 'எ', 'ஆன்' குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் கட்டணமில்லாத பகுதியே போதும். இரண்டு வாரங்களில் அதை முடித்துவிடலாம், 'ஹவர்' ஒலிப்பை மட்டும் நம்ப வேண்டாம். கடிதமும் அறிக்கையும் எழுதுபவர்கள் ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்க்கலாம், திருத்தங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் இருந்தால். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு விடைகளை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் காட்சியில் பொருந்தும் என்று சொல்லும் வினாக்களைச் சேர்த்தால் மறுபடியும் சந்தா கட்டுவேன் என்று உதவிப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது.